சூழல் மாறியின் வரலாறு: 1979 முதல் மேகக்கணிமை வரை

மேகக்கணிமையில் இயங்கும் ஒரு சேவை தொடங்கும் கணத்தில் சில செய்திகள் அதற்குத் தெரிந்தாக வேண்டும். தரவுத்தளம் எம்முகவரியில் உள்ளது? அதைத் திறக்கும் கடவுச்சொல் யாது? இயங்குமிடம் சோதனைக்களமா, மக்கள் பயன்படுத்தும் மெய்க்களமா? இவற்றைச் சேவையிடம் கொண்டுசேர்க்கும் பணியைப் பெரும்பாலும் ‘சூழல் மாறி’ என்னும் எளிய கருவியே செய்து வருகிறது. பெயர் ஒன்று, சமக்குறி ஒன்று, மதிப்பு ஒன்று என்பதற்கு மேல் அதற்கு வடிவமில்லை. கடவுச்சொற்களைச் சுமப்பதற்காக அது படைக்கப்படவில்லை. அச்சுமை அதன் தலையில் எவ்வாறு ஏறியது, அதனால் விளைந்த கேடு யாது என்பவற்றை வரலாற்றின் வழியே காண்போம்.

1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பை வெளியிட்டது. பயனரின் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ‘ஷெல்’ என்னும் நிரலை ஸ்டீபன் போர்ன் புதிதாக எழுதி அப்பதிப்பில் சேர்த்தார். சூழல் மாறிகள் தோன்றியதும் அப்பதிப்பில்தான். ‘ஹோம்’ என்னும் மாறி பயனருக்குரிய கோப்புறையைச் சுட்டிற்று; ‘பாத்’ என்பது கட்டளைகளைத் தேடவேண்டிய இடங்களைச் சுட்டிற்று; ‘டெர்ம்’ என்பது முனையத்தின் வகையைச் சுட்டிற்று. இவற்றுள் மறைக்கத்தக்கது ஏதுமில்லை. ஒரு நிரல் மற்றொரு நிரலைத் தொடங்கும்போது தன் சூழலின் படி ஒன்றை அதற்கு வழங்குகிறது. தாயின் உடைமை சேய்க்குக் கேளாமலே போய்ச் சேர்கிறது. சேய் தன் படியைத் திருத்தினால் தாய் அதனை அறியாது. ‘மாறி’ என்னும் பெயர் சற்றே மயக்கம் தருவது என்பதையும் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஓடத் தொடங்கிவிட்ட நிரலின் சூழலை வெளியிலிருந்து மாற்ற இயல்பான வழியில்லை. புதிய மதிப்பைத் தர விரும்பினால் நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும்.

மேகக்கணிமைக் காலத்தில் இக்கருவிக்குப் புதுவாழ்வு வந்தது. 2007இல் தொடங்கப்பட்ட ஹெரோக்கு நிறுவனம் பிறர் எழுதிய நிரல்களைத் தன் வழங்கிகளில் இயக்கித் தந்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஆடம் விக்கின்ஸ் 2011இல் ‘பன்னிரு காரணிச் செயலி’ என்னும் வழிகாட்டியை வெளியிட்டார். இடத்துக்கு இடம் வேறுபடும் அமைப்புகளை மூலநிரலில் எழுதாது சூழலில் வைக்க வேண்டும் என்பது அதன் மூன்றாம் காரணி. உங்கள் மூலநிரலை இந்நொடியே உலகறிய வெளியிட்டால் ஏதேனும் கடவுச்சொல் அம்பலமாகுமா என்பதே அவர் வகுத்த சோதனை. அறிவுரை சரியானதே. 2016இல் ஊபர் நிறுவனத்தின் மூலநிரல் களஞ்சியத்திற்குள் புகுந்தவர்கள் அங்கிருந்த அமேசான் மேகச்சேவைத் திறவுகோலைக் கொண்டு, ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றனர். நிரலுக்குள் திறவுகோலைப் புதைப்பதன் விலை அது.

ஆயினும், நிரலிலிருந்து வெளியேறிய கடவுச்சொல் புகுந்த வீட்டிற்குக் கதவு இருந்ததா? யார் எதைப் படிக்கலாம் என்னும் பாகுபாடு சூழலுக்குள் இல்லை. சேவை தொடங்கும் துணைநிரல் ஒவ்வொன்றும் முழுப் படியையும் பெறுகிறது. பிழை நேர்ந்தால் சூழல் முழுவதையும் பதிவேட்டில் எழுதிவிடும் கருவிகளும் உண்டு. 2014 செப்டம்பரில் வெளிப்பட்ட ‘ஷெல்ஷாக்’ குறைபாடு இதன் மற்றொரு முகத்தைக் காட்டிற்று. 1989 முதல் ‘பாஷ்’ என்னும் ஷெல்லில் உறங்கிய பிழை அது. மாறியின் மதிப்பாக வந்த எழுத்துகளை, அவை உரிய வடிவில் இருந்தால், பாஷ் கட்டளையாகவே நிறைவேற்றிவிடும். வலைத்தளத்திற்கு வருவோர் அனுப்பும் செய்திகளைச் சூழல் மாறிகளாக நிரலுக்குத் தரும் முறையோ 1993 முதலே வழக்கில் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததால், முன்பின் அறியாத ஒருவர் வழங்கியில் தம் விருப்பப்படி கட்டளையிட முடிந்தது.

2021இல் நிகழ்ந்தது இதனினும் எளியது. நிரல்களின் சோதனை எவ்வளவு விரிவாக நடந்துள்ளது என்று அளக்கும் கோட்காவ் நிறுவனத்தின் கட்டளைக்கோப்பு ஒன்றை அவ்வாண்டு ஜனவரி 31 முதல் அயலார் திருத்தி வைத்திருந்தனர். அவர்கள் சேர்த்தது ஒரே வரி. கோப்பு இயங்கும் கணினியின் சூழல் மாறிகள் அனைத்தையும் அது தங்கள் வழங்கிக்கு அனுப்பிற்று. ஏப்ரல் 1 வரை எவரும் கண்டறியவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் கோப்பின் சரிபார்ப்பு எண் ஒத்துவராததைக் கவனித்ததால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. பாதிக்கப்பட்டோருள் ஹாஷிகார்ப் நிறுவனமும் ஒன்று. மறைபொருள்களைக் காப்பதற்கென 2015இல் ‘வால்ட்’ என்னும் மென்பொருளை வெளியிட்ட நிறுவனம் அது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக இயலவில்லை.

இன்று பணி இரண்டாகப் பிரிந்து வருகிறது. எண்வாயில், மொழி, பதிவேட்டின் விரிவளவு போன்றவை சூழல் மாறிகளிலேயே தங்குகின்றன. கடவுச்சொற்கள் வால்ட் போன்ற காப்பகங்களுக்கும், 2018இல் அமேசான் தொடங்கிய மறைபொருள் மேலாண்மைச் சேவை போன்றவற்றுக்கும் நகர்கின்றன. குபர்நெட்டிஸ் தளத்தில் மறைபொருளைச் சூழல் மாறியாகவும் தரலாம், கோப்பாகவும் தரலாம். கோப்பாகத் தந்தால், கடவுச்சொல் மாறும்போது சேவையை நிறுத்தாமலே புதியதைக் கொண்டுசேர்க்க வழியுண்டு. அமேசானின் குபர்நெட்டிஸ் சேவையில், சிறிது காலமே செல்லும் அடையாளச் சீட்டு ஒரு கோப்பில் வைக்கப்படுகிறது. அக்கோப்பு எங்கே இருக்கிறது என்று சேவைக்குச் சொல்வது மட்டும் இன்றும் ஒரு சூழல் மாறிதான்.