தனிக்குடித்தனம் போன த்ராட்டில்கள்

ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார், பிரேக் பெடலை லேசாக மிதித்தாலே நின்றுவிடுகிறது. அவ்வளவு பலம் டிரைவரின் காலில் இல்லை. பெட்ரோல் கார்களில் ரொம்ப காலமாக அதில் பெரும்பங்கு இன்ஜினிடம் வாங்கிய இரவல்தான்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் த்ராட்டில் மூடிக்கொள்ளும். இழுப்பு இருக்கிறது, வர காற்று இல்லை. நடுவில் இருக்கும் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். இதுதான் மேனிஃபோல்ட் வேக்குவம். ஓசியில் கிடைக்கும் சக்தி! (முழு ஓசி என்று சொல்ல முடியாது. மூடிய த்ராட்டிலுக்கு எதிராக இழுப்பதற்கு பெட்ரோல் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அந்த நஷ்டத்தில் கொஞ்சம் திரும்ப எடுப்பதுதான் சாமர்த்தியம்.)

இதை முதலில் அனுபவித்தவற்றில் ஒன்று வைப்பர். அமெரிக்க கார்களில் பல வருடங்கள் வைப்பர் வேக்குவத்தில்தான் ஓடியது. மழையில் மேடு ஏற ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் த்ராட்டில் திறக்கும், வேக்குவம் போய்விடும், வைப்பர் படுத்துவிடும். தேவைப்படும் நேரம் பார்த்து!

பிரேக்குக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பிரேக் பிடிக்கிறவர் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்திருப்பார், அப்போதுதான் வேக்குவம் அதிகம். பெல்ஜியத்தின் ஆல்பர்ட் டெவாண்ட்ர் உருவாக்கிய வேக்குவம் பிரேக்கை 1920களின் கடைசியில் பாஷ் நிறுவனம் விற்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1928ல் பியர்ஸ் ஆரோ காரில் பூஸ்டர் வந்தது. ஒரு டப்பா, நடுவே ஒரு ரப்பர் திரை. ஒரு பக்கம் வேக்குவம், மறுபக்கம் வெளிக்காற்று. உண்மையில் தள்ளுவது வெளிக்காற்றுதான்.

சரி, தனிக்குடித்தனத்துக்கு வருவோம். சாதாரண இன்ஜினில் எல்லா சிலிண்டருக்கும் பொதுவாக ஒரு த்ராட்டில். கூட்டுக்குடும்பம் மாதிரி. ஒருத்தர் இழுத்து முடிப்பதற்குள் அடுத்தவர் இழுப்பார், வேக்குவம் சீராக இருக்கும். ஆனால் ரேஸ் இன்ஜின்களில் சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில், அதுவும் வால்வுக்குப் பக்கத்திலேயே. மிதித்த அடுத்த கணம் இன்ஜின் பதில் சொல்லும். 1978ல் வந்த பிஎம்டபிள்யூ எம்1 காரில் ஆறு சிலிண்டர், ஆறு த்ராட்டில்.

இப்போது பிரேக் பூஸ்டர் யார் வீட்டில் போய் கேட்பது? ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் இழுக்கும். த்ராட்டிலுக்குப் பின்னால் இருக்கும் இடமோ கொஞ்சம். வேக்குவம் விட்டு விட்டுத்தான் வரும். ஒரே சிலிண்டரில் குழாய் போட்டால் பூஸ்டர் நிரம்ப நேரம் ஆகும், பூஸ்டரில் இருந்து வரும் காற்றெல்லாம் அந்த ஒரு சிலிண்டரின் கலவையைக் கெடுக்கும். ரேஸ் கேம்ஷாஃப்டும் சேர்ந்தால் ஐடிலில் வேக்குவம் இன்னும் குறையும். இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து பிரேக் மிதித்த பிறகு பெடல் கல்லாகிவிட்டால்? மலை இறக்கத்தில் யோசித்துப் பாருங்கள்.

தீர்வு என்னவோ ரொம்ப எளிமை. ஒவ்வொரு த்ராட்டிலுக்குப் பின்னாலும் ஒரு சின்னக் குழாய், எல்லாம் ஒரு பொதுக் குழாயில் சேரும், அதிலிருந்து பூஸ்டருக்கு, வழியில் ஒரு ஒருவழி வால்வு. 1989ல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடிஆர் இன்ஜினில் ஆறு த்ராட்டிலுக்கும் இப்படி ஒரு பேலன்ஸ் குழாய் உண்டு. குழாய்கள் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். பெரிதாக வைத்தால் மறுபடி கூட்டுக்குடும்பம், தனித்தனி த்ராட்டில் வைத்ததே வீண்!

டீசல்காரர்களுக்கு இந்தத் தலைவலியே புதிதில்லை. பெட்ரோல் இன்ஜின் மாதிரி காற்றை அடைக்கும் த்ராட்டில் அங்கே இல்லாததால் ஆரம்பத்திலிருந்தே தனியாக வேக்குவம் பம்ப். பிறகு பல பெட்ரோல் கார்களிலும் பம்ப் வந்தது. 2013ல் பாஷ் கொண்டுவந்த ஐபூஸ்டர் மின்சார மோட்டாரால் தள்ளுகிறது, வேக்குவமே கேட்பதில்லை.

பூஸ்டரே வேண்டாம் என்றவரும் உண்டு. 1992ல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1, பன்னிரண்டு சிலிண்டர், பன்னிரண்டு த்ராட்டில். வடிவமைத்த கார்டன் மர்ரி பூஸ்டர் வைக்கவில்லை. வேக்குவம் கிடைக்காமல் இல்லை. சாலையை டிரைவரின் கால் நேராக உணர வேண்டும் என்பது அவர் கட்சி. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் அந்த காரை நிறுத்த, அழுத்தி மிதிக்க வேண்டியது டிரைவரின் பாடு.