மலிவு தந்த செலவு: நம் வீட்டுப் பாத்திரங்களின் கதை

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர்வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடித்தனம் அமைத்துக்கொண்ட நம்மவர் இல்லங்களில் நுழைந்தால், அடுக்களையின் மேல்தட்டில் ஒரு வெண்கலப் பானையோ பித்தளை அண்டாவோ வீற்றிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அன்றாடச் சமையலுக்கு அது இறங்குவதில்லை. பொங்கலன்று புளியிட்டுத் துலக்கப்பெற்று, மீண்டும் மேலேறிவிடும். அதன் கழுத்தருகே பாட்டியின் பெயரோ அன்னையின் பெயரோ உளியால் வெட்டப்பட்டிருக்கும். கீழ்த்தட்டில் இருப்பவையோ, வந்த ஊரில் அவசரத்திற்கு வாங்கியவை. அடி நசுங்கியது ஒன்று, பிடி கழன்றது ஒன்று, துருப்புள்ளி விழுந்தது ஒன்று. இவ்விரு தட்டுகளுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அதனைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

முன்னாளில் பாத்திரம் என்பது சமைக்கும் கருவி மட்டுமன்று, குடும்பத்தின் சேமிப்புமாகும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையையும், செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலத்தையும் எடைபோட்டே வாங்கினர், எடைபோட்டே விற்றனர். ஓட்டை விழுந்த குடத்தைக் கடையில் கொடுத்தால், தேய்மானம் போக உலோகத்தின் விலை கைக்கு வந்துவிடும். மகள் திருமணத்திற்குச் சீராக வந்த அண்டா, மழை பொய்த்த ஆண்டில் அடகுக்கடைக்குச் சென்று, அறுவடைக்குப்பின் மீண்டு வருவதும் உண்டு. இந்த வழக்கம் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தும், அரியானாவின் ஜகாத்ரியும், மகாராஷ்டிரத்துப் பண்டாராவும் நம் கும்பகோணத்தைப் போலவே பாத்திரத் தொழிலால் பெயர் பெற்ற ஊர்களே.

எனினும் பித்தளைக்கு ஒரு குறை உண்டு. புளியும் மோரும் பட்டால் அதிற் களிம்பேறும். ஆகவே உட்புறம் வெள்ளீயம் பூச வேண்டும். பூச்சுத் தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். ஈயம் பூசுபவர் தெருவில் துருத்தியுடன் வந்தமர்ந்த காட்சியை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். வடநாட்டில் அவரைக் கலாய்வாலா என்பர். இங்கேதான் மலிவு என்னும் ஆசை முதன்முதலாக அடுக்களைக்குள் நுழைந்தது. வெள்ளீயம் விலையுயர்ந்தது, காரீயம் மலிவானது. வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து பூசினால் கூலி குறையும். ஆனால் நஞ்சு உணவில் இறங்கும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது இன்று மருத்துவ உலகம் ஐயமற அறிந்த செய்தி. இரசம் வைக்கும் ஈயச்சொம்பிற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அஃது வெள்ளீயத்தால் ஆனதாகவே இருக்க வேண்டும். குறைந்த விலைக்குச் சொம்பு வாங்கிச் சேமித்த சில நூறு ரூபாயை, பிள்ளையின் உடல்நலத்தில் கொடுக்கலாகுமோ?

பித்தளையின் இந்தக் குறையே வேறோர் உலோகத்திற்கு வழி திறந்தது. 1898ஆம் ஆண்டில், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலப் பொறியியற் பேராசிரியர், நம் நாட்டு உலோகத் தொழிலாளர்களைக் கொண்டு அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் சோதனையைத் தொடங்கினார். உலோகம் கடல் கடந்து வந்தது, கைத்திறன் நம்முடையது. 1900ஆம் ஆண்டில் சென்னையில் இதற்கென ஒரு கம்பெனியும் தோன்றியது. இன்று இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் காணும் அலுமினியப் பாத்திரத்தின் கதையில் சென்னைக்கு இத்தகைய முதன்மையான இடம் உண்டு என்பதை நம்மிற் பலர் அறியார்.

அலுமினியம் ஏழைகளுக்கு நன்மை செய்தது என்பதை மறுத்தல் தகாது. பித்தளையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதன் எடை. விரைவிற் சூடேறும், ஈயம் பூசும் செலவில்லை. ஆனால் புளிக்கும் உப்புக்கும் அஃது ஈடுகொடுப்பதில்லை. சாம்பாரும் வற்றற்குழம்பும் நாளும் கொதிக்கும் நம் சமையலில் அதன் உட்புறம் அரித்துக் குழிவிழும். மெல்லிய தகடாயின் அடி வளைந்து அடுப்பில் நில்லாது. பழையதை விற்கப்போனால் கிடைப்பதோ சொற்பம். பாட்டி ஒருமுறை வாங்கியதைப் பேத்தி பயன்படுத்திய காலம் போய், ஒருத்தியே தன் வாழ்நாளில் பலமுறை வாங்கும் காலம் வந்தது.

அடுத்து வந்தது எவர்சில்வர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913ஆம் ஆண்டில் குரோமியம் சேர்த்து வார்த்த எஃகே துருப்பிடியா எஃகிற்கு வழிகோலியது. நம் நாட்டில் முதலில் அயல்நாட்டுத் தகடே பெரிதும் பயன்பட்டது. 1981ஆம் ஆண்டில் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. வீதியில் கூவிவந்தவரிடம் பழைய பட்டுப்புடைவையைக் கொடுத்து ஒரு எவர்சில்வர்த் தூக்கை வாங்கி, காசில்லாமல் கிடைத்தது என்று மகிழ்ந்த இல்லங்கள் எத்தனை! அப்புடைவையின் சரிகையிலிருந்த வெள்ளியின் மதிப்பு தூக்கின் விலையினும் மிகுதி என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

எவர்சில்வரிலும் தரம் ஒன்றன்று. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் சேர்ந்தது உயர்ந்த வகை. நிக்கல் விலைமிக்கது. ஆகையால் அதனைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த எஃகு மலிவு விலையில் வருகிறது. கடையில் இரண்டும் ஒரேபோல் பளபளக்கும். உப்புநீரில் சில மாதம் புழங்கிய பின்னரே வேறுபாடு புள்ளிபுள்ளியாய் வெளிப்படும். காந்தம் ஒட்டாவிடில் நல்லது என்னும் நம்பிக்கையும் முழுத் துணையாகாது. மலிவான மாங்கனீசு எஃகிலும் காந்தம் பொதுவாக ஒட்டுவதில்லை.

கண்ணால் அறிய முடியாத தரத்தை யார் நமக்கு அறிவிப்பது? விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே தில்லியில் இந்தியத் தர நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு வழிவகுத்தது. 1987 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் பணியை இந்தியத் தர அமைவனம் ஏற்றது. முத்திரையின் பெயர் மட்டும் மாறவில்லை. 2024 மார்ச்சில் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அம்முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு பிறப்பித்தது. முத்திரையின் மேலே தர எண்ணும் கீழே உரிம எண்ணும் இருத்தல் வேண்டும். அவையின்றி முத்திரை மட்டும் பொறித்திருந்தால் ஐயுறுவதே அறிவுடைமை.

இனி நம் கணக்கிற்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டு: 300 ரூபாய்ப் பாத்திரம் இரண்டாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 150 ரூபாய்ச் செலவு. 900 ரூபாய்ப் பாத்திரம் பதினைந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 60 ரூபாயே. கடைக்காரர் சொல்வது விலை. காலம் சொல்வது செலவு. இடமாற்றலுக்கு ஆளாகும் உத்தியோகக் குடும்பத்தார், “இந்த ஊரில் எத்தனை நாளோ, போகும்போது போட்டுவிட்டுப் போகலாம்” என்றெண்ணி வாங்குகிறோம். நான்கு ஊர் மாறினால் நான்கு அடுக்களை வாங்கியிருப்போம். ஓய்வுபெற்று ஊர் திரும்புகையில் உடன் வருவதற்கு ஒன்றும் இராது.

விலை மிகுந்ததெல்லாம் நல்லது என்று நாம் கூறவில்லை. வெறும் பெயருக்கும் பூவேலைக்கும் பணம் கேட்பாரும் உளர். மொத்தமாக முதல் போட இயலாதவரை மலிவைத் தேடினார் என்று குறைகூறுவதும் முறையன்று. வறியவர் ஒருபொருளுக்கே பலமுறை விலை கொடுக்க நேர்வது அவர் அறியாமையால் அன்று; கையில் ஒருசேரப் பணம் இன்மையால். இதற்கு நம் பெண்மக்கள் கண்ட வழி பாத்திரச் சீட்டு. மாதந்தோறும் சிறு தொகை கட்டி, ஆண்டு முடிவில் கனத்த பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தனர். அயல்மாநிலத்திலும் அண்டை வீட்டார் பத்துப்பேர் நம்பிக்கையோடு கூடினால் அது நடவாதது அன்று.

அடுத்த பொங்கலுக்கு மேல்தட்டுப் பானையை இறக்கும்போது, அதனைக் கையிலேந்தி எடையைச் சற்று உணர்ந்து பாருங்கள். அதனை வாங்கியவர் நம்மினும் செல்வர் அல்லர். வாங்கும் நாளைக்காக மட்டும் அவர் வாங்கவில்லை, நமக்காகவும் வாங்கினார்.