பயமில்லாத சிரிப்பு

1957-ல் இங்கிலாந்தின் ஹாமர் ஸ்தாபனம் எடுத்த ‘தி கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கென்ஸ்டைன்’ படத்தில் ஒரு கட்டம். தன்னால் கர்ப்பமுற்று, தன்னை மிரட்டவும் துணிந்துவிட்ட வேலைக்காரி சோதனைக்கூடத்தை வேவு பார்க்க நுழைகிறாள். விக்டர் ஃப்ராங்கென்ஸ்டைன் வெளியே கதவைப் பூட்டுகிறான். உள்ளே அவன் உண்டாக்கிய ஜந்து. ஒரு அலறல். அடுத்த காட்சி, காலை உணவு மேஜை. தான் மணக்கவிருக்கும் பெண்ணிடம், மார்மலேடை எடுத்துத் தரச்சொல்லி மரியாதையாகக் கேட்கிறான்.

சிரிப்பு வருகிறது. வந்ததற்காக ஒரு வெட்கமும் வருகிறது. பீட்டர் குஷிங் அந்த வரியில் ஹாஸ்யம் எதையும் ஏற்றவில்லை. தன் ஆராய்ச்சி தவிர எதுவும் இந்த மனிதனுக்குப் பொருட்டல்ல. கொலை அவன் பசியைக்கூடக் கெடுக்காது. அவ்வளவுதான். படத்தை இயக்கியவர் டெரன்ஸ் ஃபிஷர். திரைக்கதை ஜிம்மி சாங்ஸ்டர்.

1969-க்குள் குஷிங் நடித்த ஃப்ராங்கென்ஸ்டைன் படங்கள் ஐந்து வந்துவிட்டன. பிரிட்டிஷ் சினிமாவில் அமெரிக்கப் பணம் வற்றத் தொடங்கிய காலம் அது. இளைஞர் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும், புது முகம் வேண்டும். 1970-ல் அதே ஆரம்பக் கதையை ‘தி ஹாரர் ஆஃப் ஃப்ராங்கென்ஸ்டைன்’ என்று, இம்முறை கேலியாக, மறுபடி எடுத்தார்கள். இயக்கியவர் அதே சாங்ஸ்டர். குஷிங் இடத்தில் ரால்ஃப் பேட்ஸ்.

பேட்ஸ் மோசமான நடிகர் அல்ல. அவருடைய விக்டர் தகப்பனையும் நண்பனையும் ஒரே அலட்சியத்தோடு தீர்த்துக்கட்டுகிறான். மின்சாரம் பாய்ச்சிய வெட்டுண்ட கை இரண்டு விரலை உயர்த்தி வசவு காட்டுகிறது. பிணம் திருடுகிறவன் உட்கார்ந்திருக்க, மனைவி குழி தோண்டுகிறாள். ஒவ்வொன்றும் தனியே சிரிக்கத் தக்கதுதான். ஆனால் மார்மலேடு வரி ஒரு முழுப் படமாக நீட்டப்பட்டிருக்கிறது. அது எந்த அலறலுக்குப் பின்னால் வந்ததோ, அந்த அலறல் இல்லை. கடைசியில், போலீஸ் வந்த நேரம், தொட்டிக்குள் ஒளித்துவைத்த ஜந்துவின்மேல் ஒரு சிறுமியின் விளையாட்டால் அமிலம் கொட்டிவிடுகிறது. விக்டரின் சிருஷ்டி கரைந்து போகிறது. அவன் அதற்காக ஏங்கியதை நாம் பார்த்திருந்தால் அல்லவா இந்த இழப்பு சிரிப்பாகும்?

பயங்கரத்தோடு ஹாஸ்யம் ஒட்டாது என்பதில்லை. 1948-ல் யுனிவர்சல் ஸ்தாபனம் தன் ராட்சசர்களை அபாட்-காஸ்டெல்லோ என்ற கோமாளி ஜோடியிடம் ஒப்படைத்தது. அதில் பெலா லுகோசியின் டிராகுலா துளிகூட இளிக்கவில்லை. முழு கம்பீரத்தோடு வருகிறார். காஸ்டெல்லோ நிஜமாகவே நடுங்குகிறார். சிரிப்பு அந்த நடுக்கத்தில் பிறக்கிறது. 1974-ல் மெல் ப்ரூக்ஸ் ‘யங் ஃப்ராங்கென்ஸ்டைன்’ எடுத்தபோது, 1931-ம் வருஷப் படத்தின் சோதனைக்கூடச் சாமான்களையே தேடிக் கொண்டுவந்து, கறுப்பு வெள்ளையில் படமாக்கினார். பரிகாசம் செய்கிறவனுக்கு மூலத்தின் மேல் இருந்த பிரேமை அது.

அதே 1974-ல் ஃபிஷரின் கடைசிப் படமும் வெளியானது: ‘ஃப்ராங்கென்ஸ்டைன் அண்ட் தி மான்ஸ்டர் ஃப்ரம் ஹெல்’. குஷிங் திரும்பி வந்தார். 1970-ல் ஜந்துவாக வந்த டேவிட் ப்ரௌஸ்தான் இதிலும் ஜந்து. முன்னதில் வெறும் தசை. இதில் தன் நிலையை உணர்ந்து துக்கிக்கிற உயிர். மனநோய் விடுதியின் நோயாளிகள் அதைப் பிய்த்தெறிந்த பின், கை கருகிய கிழவன் சோதனைக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டே அடுத்த முயற்சி பற்றிப் பேசுகிறான். பைத்தியக்காரத்தனம், வேடிக்கை, பயங்கரம் எல்லாம் அந்தத் துடைப்பத்தில் இருக்கின்றன.

சாங்ஸ்டருக்கு 1957-ல் எழுதத் தெரிந்தது 1970-ல் மறந்துவிடவில்லை. அந்தக் கதையை நம்புவது அவருக்குக் கூச்சமாகிவிட்டது. கூச்சத்தை மறைக்க முந்திக்கொண்டு தானே சிரித்துவிட்டார். ஒரு வடிவத்தில் சில வருஷம் தீவிரமாக எழுதிவிட்டுப் பிறகு அதையே நையாண்டி செய்யத் தொடங்குகிற எவரும் இந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம். நாம் சிரிப்பது எதையோ கடந்துவிட்டதாலா, அதைத் தாங்கமுடியாமல் போனதாலா?