பெட்டிக்குள்ளேயே வந்த விருப்பம்: நம்ம ஓ.எஸ்.ஸை யார் தேர்ந்தெடுத்தது?



"நீங்க விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?" ஆபீஸ் கேன்டீன்ல இந்தக் கேள்வியைப் போட்டா போதும், டீ ஆறிப்போகும் வரைக்கும் பேச்சு ஓடும். ரஜினியா கமலா சண்டை மாதிரிதான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ரஜினியா கமலான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர் படத்தையும் பார்த்திருப்போம். ஓ.எஸ். விஷயத்துல நம்மில் நிறைய பேர் ரெண்டாவது படத்தைப் பார்த்ததே இல்லை. லேப்டாப்பைத் திறந்தோம், உள்ளே ஒண்ணு இருந்தது. அது பழகிப்போச்சு, பழகினது பிடிச்சுப்போச்சு.

அந்த 'உள்ளே இருந்த ஒண்ணு' எப்படி உள்ளே போச்சுன்னு பார்க்கிறதுதான் இன்றைய எபிசோடு.

மூணு ஓ.எஸ்., ஒரே மெஷின்

1981 ஆகஸ்ட் 12. ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவிக்கிறது. ஆரம்ப விலை 1,565 டாலர். இன்னைக்கு நமக்கு ஆச்சரியமா இருக்கிற ஒரு விஷயம்: அந்த மெஷினுக்கு ஐபிஎம் மூன்று ஓ.எஸ்.களை அறிவித்தது. பிசி டாஸ், சிபி/எம்-86, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உருவான பி-சிஸ்டம். எது வேணுமோ அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கலாம்.

இதில் சிபி/எம்தான் அன்றைக்குப் பெரிய பெயர். 1974-ல் கேரி கில்டால் என்ற அமெரிக்கர் எழுதியது. எழுபதுகளின் கடைசியில் எட்டு பிட் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களில் ஏராளமானோர் பயன்படுத்தியது அதைத்தான். அவருடைய கம்பெனி பெயர் டிஜிட்டல் ரிசர்ச்.

1980-ல் ஐபிஎம் ஆட்கள் அவரைத் தேடி வந்தபோது அவர் சொந்த விமானத்தில் ஜாலியாகப் பறந்துகொண்டிருந்தார், அதனால் வாய்ப்பு போச்சு என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. தொழில் வேலையாகத்தான் போயிருந்தேன் என்பது கில்டாலின் விளக்கம். எப்படியோ, பேச்சுவார்த்தை சிக்கலானது. ஐபிஎம் மைக்ரோசாஃப்ட் பக்கம் திரும்பியது.

மைக்ரோசாஃப்ட்டிடம் அப்போது அந்த மெஷினுக்குத் தோதான ஓ.எஸ். கைவசம் இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் டிம் பேட்டர்சன் எழுதியிருந்த 86-டாஸுக்கு முதலில் லைசென்ஸ் எடுத்தது. பிறகு 1981 ஜூலையில் 50,000 டாலர் கொடுத்து முழுசாகவே வாங்கிவிட்டது. சிபி/எம்-க்கு எழுதிய புரோகிராம்களைச் சுலபமாக மாற்றிக்கொள்ளும்படி வடிவமைத்த ஓ.எஸ். அது.

தன்னுடையதைப் போலவே இருக்கிறதே என்று கில்டால் கொதித்தார். வழக்கு வரும் என்ற நிலையில் ஐபிஎம் ஒரு சமரசத்துக்கு வந்தது: உங்களுடையதையும் சேர்த்தே விற்கிறோம். அவரும் ஒத்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் ரெண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற நம்பிக்கை.

விலைப்பட்டியல் வந்தது. பிசி டாஸ் 40 டாலர். சிபி/எம்-86 240 டாலர். பி-சிஸ்டம் அதைவிடவும் அதிகம். அதோடு சிபி/எம்-86 மக்கள் கைக்கு வரும்போது 1982 ஆகிவிட்டது.

தியேட்டர்ல ஒரு படத்துக்கு டிக்கெட் 40 ரூபாய், பக்கத்து ஸ்கிரீன்ல 240 ரூபாய், அதுவும் ரிலீஸ் லேட்டுன்னா கூட்டம் எங்க போகும்? அதுதான் நடந்தது.

டாஸ் பிடிச்சதா, லோட்டஸ் பிடிச்சதா?

கூட்டம் ஒரு பக்கம் போனதும் இன்னொரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. யாருக்கு வாங்குபவர்கள் அதிகமோ அவர்களுக்குத்தானே புரோகிராம் எழுதுவார்கள்? 1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 என்ற ஸ்ப்ரெட்ஷீட் வந்தது. இன்றைய எக்செல்லுக்கு முன்னோடி. அது ஓடியது டாஸில். கணக்கு எழுதும் ஆபீஸ்கள் லோட்டஸுக்காகவே ஐபிஎம் பிசி வாங்கின. அவர்களிடம் போய் "உங்களுக்கு ஏன் டாஸ் பிடிக்கும்?" என்று கேட்டால் பதில் இருந்திருக்காது. அவர்களுக்குப் பிடித்தது லோட்டஸ்.

இன்னைக்கும் அப்படித்தானே? டேலி ஓடணும், ஆட்டோகேட் ஓடணும், வேலரண்ட் ஓடணும். பல பேருடைய ஓ.எஸ். விருப்பம் உண்மையில் ஒரு சாஃப்ட்வேர் மேல இருக்கிற விருப்பம்.

இன்னொரு முக்கியமான விஷயம். டாஸை மற்ற கம்பெனிகளுக்கும் விற்கிற உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. காம்பேக் மாதிரியான கம்பெனிகள் ஐபிஎம் போலவே பிசி செய்து விற்றபோது, எல்லாரும் டாஸுக்காக மைக்ரோசாஃப்ட்டிடம்தான் வர வேண்டியிருந்தது.

வேணாம்னாலும் காசு

டிஜிட்டல் ரிசர்ச் சும்மா இருக்கவில்லை. 1988-ல் டாஸ் புரோகிராம்களை அப்படியே ஓட்டக்கூடிய டி.ஆர். டாஸைக் கொண்டுவந்தது. இப்போது சாஃப்ட்வேர் பிரச்சினை இல்லை. 1990-ல் வந்த அதன் ஐந்தாவது பதிப்புக்கு நல்ல பெயரும் கிடைத்தது. இப்பவாவது ஜனங்க பிடிச்சதை எடுத்திருக்கலாமே?

அங்கேதான் லைசென்ஸ் கணக்கு குறுக்கே வந்தது. கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளோடு மைக்ரோசாஃப்ட் 'பிராசஸர் கணக்கு' ஒப்பந்தம் போட்டிருந்தது. ஒரு கம்பெனி ஆயிரம் கம்ப்யூட்டர் விற்றால் ஆயிரத்துக்கும் பணம் கட்ட வேண்டும். அதில் நூறு மெஷினில் டி.ஆர். டாஸ் போட்டிருந்தாலும் அந்த நூறுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்குக் காசு உண்டு. டி.ஆர். டாஸுக்குத் தனிக் காசு. ஒரே மெஷினுக்கு ரெண்டு தடவை யார் கட்டுவார்கள்?

இதை அமெரிக்க நீதித்துறை விசாரித்து 1994 ஜூலை 15-ல் வழக்குப் பதிந்தது. அன்றே சமரசமும் வந்தது. மைக்ரோசாஃப்ட் இந்த மாதிரி ஒப்பந்தங்களை விட்டுவிட ஒத்துக்கொண்டது. அதற்கு நாலு நாள் முன்னால்தான், ஜூலை 11-ல், கேரி கில்டால் இறந்திருந்தார். வயது 52. அவருடைய கம்பெனி 1991-லேயே நாவெல் கைக்குப் போய்விட்டது. டி.ஆர். டாஸை 1996-ல் வாங்கிய கால்டெரா தனியாக வழக்குப் போட்டு, 2000-ல் சமரசம் ஆனது. அந்தத் தொகை 280 மில்லியன் டாலர் என்று பிறகு தெரியவந்தது. ஆனால் அதற்குள் டி.ஆர். டாஸைத் தேர்ந்தெடுக்க யாரும் மிச்சமில்லை.

"எங்க காசைத் திருப்பிக் கொடுங்க"

இதற்கிடையில் 1991-ல், ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் விரும்பிய யூனிக்ஸ் மாதிரி ஒன்று வீட்டு கம்ப்யூட்டரிலும் வேண்டும் என்று எழுத ஆரம்பித்தது லினக்ஸ் ஆனது. பொழுதுபோக்குக்குத்தான், பெரிசா எதுவும் இல்லை என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்தினார். இது இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தது. ஆனால் லினக்ஸ் போட நினைப்பவர்களுக்கு ஒரு எரிச்சல்: கடையில் வாங்கும் மெஷினில் விண்டோஸ் இருக்கும். அழிக்கப்போகிற ஒன்றுக்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

சிலர் விண்டோஸின் லைசென்ஸ் வாசகங்களை முழுசாகப் படித்தார்கள். நாம யாரும் படிக்காம 'ஐ அக்ரீ' அழுத்துவோமே, அதுதான். சம்மதமில்லை என்றால் பயன்படுத்தாமல் கம்ப்யூட்டர் தயாரிப்பாளரிடம் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம் என்று அதிலேயே இருந்தது. 1999 பிப்ரவரி 15-ஐ 'விண்டோஸ் ரீஃபண்ட் தினம்' என்று அறிவித்து, கலிஃபோர்னியாவில் ஃபாஸ்டர் சிட்டியிலிருந்த மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கு ஒரு கூட்டம் ஊர்வலமாகப் போனது. கம்பெனி ஆட்கள் தண்டவாளம் மாற்றிவிட்டார்கள்: கம்ப்யூட்டர் விற்றவரிடம் போய்க் கேளுங்கள். விற்றவரிடம் போனால் அவர் மைக்ரோசாஃப்ட்டைக் கை காட்டுவார். அன்றைக்குப் பணம் வாங்கிக்கொண்டு யாரும் திரும்பவில்லை. ஆனால் விருப்பம் இல்லாததற்கும் விலை கட்டுகிறோம் என்பது ஊர் உலகத்துக்குத் தெரிந்தது.

நம்ம வீட்டு லேப்டாப்

இந்தக் கதையில் நாமும் இருக்கோம். 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் பண்ணும்போதே 'எது?' என்று கேட்கிற மெஷின். 1981-ன் அந்த மெனு ஒரு விதத்தில் நம்ம வீட்டுக்கே வந்தது, இந்தத் தடவை விலை வித்தியாசம் இல்லாமல். ஆனால் எந்தப் பக்கம் போகணும்னு ஃபிரெண்ட்ஸும், கம்ப்யூட்டர் சென்டரும், கையில் கிடைச்ச கேமும் சொல்லிக்கொடுத்தன. மெனு இருந்தா மட்டும் போதாது, ரெண்டையும் காட்ட ஆள் வேணும்.

இப்போது இது ஏன் முக்கியம்? 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 சிப்போ புது பிராசஸரோ இல்லாத, ஆனால் நல்லா ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்கள் நிறைய வீடுகளில் இருக்கின்றன. புதுசு வாங்குறதா, அப்படியே ஓட்டுறதா, வேற ஓ.எஸ். போடுறதா? பல பேருக்கு வாழ்க்கையில் முதல் தடவையா இந்தத் தேர்வு நிஜமாவே கைக்கு வந்திருக்கு.

ஒரு பென் டிரைவ்ல லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ ஏத்தி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதும். பார்த்துட்டு, "இல்லப்பா, எனக்கு விண்டோஸ்தான் சரி"ன்னு திரும்பி வந்தாலும் தப்பே இல்லை. கில்டால் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான்: ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

அப்படி முயற்சி பண்ணிப் பார்த்தீங்கன்னா, எது பிடிச்சது, ஏன் பிடிச்சதுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.