ஹைட்ரஜனைச் சுத்திகரிக்கும் உலோக வினையூக்கிகள்

இயற்கை வாயு, நாப்தா முதலியவற்றிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போது கூடவே பிறக்கும் கார்பன் மோனாக்சைடை நீக்க உதவும் உலோகங்களும் உலோக ஆக்சைடுகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. மதுரையைச் சுற்றிய தென்மாவட்டங்களில் இந்த வேதியியலுக்கு இரண்டு இடங்களைச் சுட்டலாம்: தூத்துக்குடியின் உர ஆலை, காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம்.

தேவை முதலில் உரத்துக்குத்தான் வந்தது. அமோனியாவை உண்டாக்கும் இரும்பு வினையூக்கியைக் கார்பன் மோனாக்சைடு முடக்கிவிடும். 1910களில் ஜெர்மனியில் கார்ல் போஷும் வில்ஹெல்ம் வில்டும் அந்த வாயுவை நீராவியுடன் கலந்து இரும்பு–குரோமிய ஆக்சைடின் மேல் செலுத்தினர். நச்சு, கார்பன் டை ஆக்சைடாக மாறியது. நீராவியிலிருந்து கூடுதல் ஹைட்ரஜனும் கிடைத்தது. 1960களில் வந்த செம்பு–துத்தநாக வினையூக்கி இதே வேலையை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே முடித்தது. எஞ்சிய துளியை நிக்கல் மீத்தேனாக்கும். அந்த வினையை பிரெஞ்சு வேதியியலர் பால் சபாத்தியே 1902-லேயே கண்டிருந்தார்.

தூத்துக்குடி ஸ்பிக் ஆலை 1975 முதல் நாப்தாவைக் கொண்டு அமோனியாவும் யூரியாவும் தயாரித்தது. ராமநாதபுரத்திலிருந்து 143 கிலோமீட்டர் குழாய் 2021-ல் திறக்கப்பட்டபின் இயற்கை வாயுவும் வழி கண்டது. மூலப்பொருள் எதுவானாலும் கார்பன் மோனாக்சைடை நீக்கியே ஆக வேண்டும்.

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலம் இன்னும் கண்டிப்பானது. சுமார் 80 டிகிரியில் இயங்கும் அதன் பிளாட்டினத்தில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு தன் கார்பன் முனையால் ஒட்டிக்கொள்ளும்; ஹைட்ரஜனுக்கு உட்கார இடமிருக்காது. பத்து லட்சத்தில் 10 பங்கு கலந்தாலே மின்சாரம் குறையத் தொடங்கும். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்த சுப்ரமணியம் சீனிவாசனும் சக ஆய்வாளர்களும் 1980களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் பிளாட்டினத்தின் அளவைச் சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராமிலிருந்து 0.4-க்குக் கொண்டுவந்தனர். பெரிய சாதனை இது. ஆனால் உலோகம் குறைந்தால் நச்சுக்கு எதிரான கையிருப்பும் குறையும். ருத்தேனியம் சேர்த்த பிளாட்டினம் இதைத் தணிக்கிறது: ருத்தேனியம் நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துத் தருகிறது, பக்கத்திலுள்ள நச்சு எரிந்து விலகுகிறது.

இன்னொரு வழி, கொஞ்சம் காற்றை அளந்து உள்ளே விட்டு, கார்பன் மோனாக்சைடை மட்டும் எரிப்பது. சூடு குறைந்தால் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தை விட்டு நகராது. கூடினால் ஹைட்ரஜனே எரிந்து வீணாகும். வினையூக்கியின் தரம் இந்தக் குறுகிய வெப்ப இடைவெளியில்தான் தெரியும். ஜப்பானின் மசடகே ஹருடா 1987-ல் தங்கத்தைக் கொண்டுவந்தார். மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் கறுக்காமல் மின்னும் அதே தங்கம், சில நானோமீட்டர் துகளாக ஆக்சைடின் மேல் அமர்ந்தால், உறைபனி வெப்பத்துக்கும் கீழே கார்பன் மோனாக்சைடை எரிக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.எஸ். ஹெக்டே குழு பிளாட்டினத்தைத் துகளாக வைக்காமல், சீரியம் ஆக்சைடின் படிகத்துக்குள் அயனியாகவே பொருத்தியது. விலையுயர்ந்த உலோகத்தின் ஒவ்வொரு அணுவையும் வேலைவாங்கும் அருமையான யோசனை அது.

காரைக்குடி ஆய்வகம் அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்தது. 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்டது. எரிபொருள் மின்கல ஆய்வு இன்றும் அங்கே நடக்கிறது.

நீரை மின்னாற்பகுத்து எடுக்கும் ஹைட்ரஜனில் கார்பனே இல்லை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் 2025-ல் அப்படியொரு சோதனை நிலையத்தைத் திறந்தது. எந்த வழியில் எடுத்தாலும், வாகனங்களுக்கான ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடுக்கு உலகத் தரவிதி தரும் வரம்பு, பத்து லட்சத்தில் 0.2 பங்கு.