செய்தி எழுதிய கை கதையும் எழுதியது

நாம் வாழும் திருவாதவூர், மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டத்தின் வயல்களிடையே அமைந்த சிற்றூர். பாண்டியனின் அமைச்சராயிருந்த வாதவூரர் பிறந்த ஊர் இது. கடல் கடந்து வந்த குதிரைகளை வாங்க அரசன் பொருள் கொடுத்து அனுப்பியது அவரையே என்று மரபு கூறும். அந்த அமைச்சுப் பதவியை இன்று நினைப்பார் சிலரே. அவர் எழுதியதை அறிந்தவரோ உலகெங்கும் உளர். பதவி கழிந்தும் எழுத்து நிலைக்கும் என்பதற்கு நம் சமுதாயத்திலும் ஒரு சான்று உண்டு. அவரே கண்டி நகரத்து அறிஞர் முகம்மது காசிம் சித்தி லெவ்வை.

அன்னார் 1838ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்தார். கைநிறையப் பொருளும் ஊரில் மதிப்பும் தந்த தொழில் அது. எனினும், தம் மக்கள் கல்வியில் பின்தங்கிக் கிடப்பதைக் கண்ட அவருள்ளம் அதில் அமைதி பெறவில்லை. ஆங்கிலம் கற்றால் மார்க்கம் கெடும் என்று அஞ்சிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் அன்று பலர். அந்த அச்சத்தை நீக்குவதே தம் கடமையெனக் கொண்ட அன்னார், தமது வழக்கைச் சமுதாயத்தின் முன் எடுத்துரைக்க ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். 1882ஆம் ஆண்டின் இறுதியில் ‘முஸ்லிம் நேசன்’ பிறந்தது.

காலமும் அதற்குத் துணைநின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மிஸ்ரு நாட்டின் தல்லுல் கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற அறபி பாஷா, 1883 ஜனவரியில் தம் தோழர்களுடன் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். எங்கோ நடந்த போரின் நாயகர், கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். உலகச் செய்தி நம் வாசலுக்கே வருவது என்றால் என்னவென்று அன்றைய இலங்கை முஸ்லிம்கள் கண்ணாரக் கண்டனர். பாஷாவும் சித்தி லெவ்வையும் கல்விப் பணியில் தோழராயினர்.

இங்கே ஒரு வினா எழுகிறது. செய்தித்தாள் கையிலிருக்க, அன்னார் நாவலொன்று எழுதியது ஏன்? 1885இல் அவருடைய ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறி அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று ஆய்வாளர் பலர் போற்றும் இந்நூலின் களம் இலங்கையன்று. மிஸ்ரு நாட்டில் உயர்குடியிற் பிறந்த குழந்தை கடத்தப்படுகிறது, பம்பாயில் வளர்கிறது, பின்னர் கல்கத்தா செல்கிறது, ஈற்றில் தன் குலத்தை அறிகிறது. சொந்த மண்ணை விட்டு அயல்நாட்டைப் பாடினாரே என்று குறை கூறுவாரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பே, பாஷா என்னும் பட்டங்கள் அவ்வாசகருக்குச் செய்தித்தாள் வழியே முன்னரே அறிமுகமானவை. செய்தியில் கேட்ட நாட்டை அவர் கதையில் காட்டினார். தலையங்கத்தை ஒதுக்குவாரும் கதையைக் கேட்க அமர்வர். வீட்டில் ஒருவர் வாசிக்கப் பலரும் கேட்பர்.

இதனை நாம் உணர்ந்தது மிகவும் பிந்தித்தான். நாம் மதரஸாவில் ஓதிய நாளில் நாவல் படிப்பது வீண்பொழுது என்றே சொல்லி வளர்க்கப்பட்டோம். ஆசிரியரான பின் நாமும் அதையே சொன்னோம். சில ஆண்டுகளுக்கு முன், தங்கை மகள் படித்துக் கொண்டிருந்த கதைப் புத்தகத்தைப் பறித்து அலமாரியில் பூட்டினோம். அப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பின்னொரு நாள் சித்தி லெவ்வையின் வரலாற்றைப் படித்தபோதுதான், அரபு மொழிக்குப் பாடநூலும், ஞானப்பொருளில் ‘அஸ்றாறுல் ஆலம்’ என்னும் நூலும் இயற்றிய அதே கையே நாவலும் எழுதியதென்று அறிந்தோம். நம்மினும் ஆழ்ந்த இல்முடையார் கதையை இழிவாக எண்ணவில்லையே! நாணினோம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, “மாமா, பாதியிலே நிற்குது, இனி முடிச்சுடுவேன்” என்றாள். அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் அன்னார் எழுத்தோடு நில்லாமல், 1891இல் கண்டியில் பெண்களுக்கெனப் பள்ளி கண்டார். அவருடைய சகோதரியார் அதில் பணியாற்றினார். 1892இல் கொழும்பு மருதானையில் தோன்றிய பள்ளி, பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்து இன்றும் நிற்கிறது. வாப்பிச்சி மரைக்காரும் அறபி பாஷாவும் அம்முயற்சியில் உடன் நின்றோர். 1898இல், அறுபது வயது நிரம்புமுன் அன்னார் மறைந்தார்.

இன்று நம் வீடுகளில் தொலைக்காட்சி இரவும் பகலும் செய்தி கூறுகிறது. காலையில் கேட்டது மாலையில் மறந்துபோகிறது. கேட்டதை எண்ணிப்பார்க்கும் பழக்கமோ வாசிப்பினால் வருவது. சித்தி லெவ்வை இரண்டையும் தந்தார்: அன்றாடச் செய்தியையும், நின்று நிலைக்கும் கதையையும். நம் பிள்ளைகள் கையில் ஒரு புத்தகத்தைக் கண்டால், அதைப் பறிக்குமுன் ஒருகணம் அன்னாரை நினைப்போமாக.