மாலைக்குப் பின்னால் எந்த ஃபியட்?

ஜலகண்டாபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பரணிலிருந்து பழைய கல்யாண ஆல்பம் ஒன்றை இறக்கினால், மாப்பிள்ளை பெண்ணுக்கு அடுத்தபடியாக அதில் கவனத்தை இழுப்பது பெரும்பாலும் காராகத்தான் இருக்கும். "வாடகை பிளசர், ஃபியட்டு" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். எந்த ஃபியட் என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட் 1100 இரண்டு உருவங்களில் நம் சாலைக்கு வந்தது. 1954இல் வந்த உருண்டை முதுகுக் காரை பம்பாய்க்காரர்கள் டுக்கர், அதாவது பன்றி, என்றார்கள். பன்றி மூக்கு போல நீண்டு இறங்கும் பானெட்டைப் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாது. 1964இல் வந்தது டிலைட். கூரை தட்டை, கண்ணாடி அகலம், முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை நேர்கோடு. 1974இல் பத்மினி என்று பெயர் பெற்றதும் இதே உடம்புதான். எஞ்சின் இரண்டிலும் 1089 சிசி. கியரும் இரண்டிலும் ஸ்டீயரிங் தண்டில். அதனால் அந்தக் காலத்து டிரைவரின் ஞாபகம்கூட இங்கே முழுத் துணை ஆகாது.

எல்லோரும் முதலில் பார்ப்பது காரின் முகத்தை. கல்யாணப் படத்தில் அதை நம்பிப் பயனில்லை. கிரில்லை மாலை மறைத்திருக்கும். மறைக்காவிட்டாலும் ஒர்க்‌ஷாப்பில் வேறு காரின் கிரில்லை மாட்டியிருக்கலாம். நான் நம்புவது முன்கதவின் கைப்பிடியை. டுக்கரில் முன்கதவு, பின்கதவு இரண்டுக்கும் கீல் நடுத்தூணில். ஆகவே முன்கதவின் கைப்பிடி சக்கரத்தின் பக்கம் தள்ளி இருக்கும். கதவும் பின்னோக்கித் திறக்கும். டிலைட்டில் முன்கதவின் கைப்பிடி நடுத்தூணை ஒட்டி வந்துவிட்டது. கார் பக்கவாட்டில் தெரிந்தால் போதும், கதவு மூடியிருந்தாலும் தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

சில ஆல்பங்களில் இரண்டு கதவு வைத்த சின்னக் கார் ஒன்று வந்து குழப்பும். அது மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிறப்பு இங்கிலாந்து, ஆனால் உருவத்தை வரைந்தவர் டூரினைச் சேர்ந்த மிக்கெலொட்டி. அதை இத்தாலிக் கார் என்று யாராவது சொன்னால் நான் பாதி மார்க் போடுவேன்.

காரை அடையாளம் கண்டபின் வருஷத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய காரைவிடப் புதிய கார் சுலபம் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. டுக்கர் இத்தாலியில் வெளிவந்தது 1953இல். அடுத்த வருஷமே இங்கே. அப்புறமும் சும்மா இருக்கவில்லை. மில்லிசெண்டோ, 1958இல் செலக்ட், பிறகு சூப்பர் செலக்ட் என்று பெயரும் அலங்காரமும் மாறிக்கொண்டே இருந்தன. பின்பக்கம் சிறிய இறக்கைகள்கூட முளைத்தன. படம் தெளிவாக இருந்தால் காரை வைத்தே சில வருஷ இடைவெளிக்குள் வந்துவிடலாம். அலங்காரம் தெரிந்தால், படம் அந்த அலங்காரம் வந்த வருஷத்துக்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது என்பது மட்டுமாவது உறுதி.

டிலைட்டின் கதை வேறு. இத்தாலியில் 1962இல் வந்த உருவம் இது. அங்கே 1100 வரிசையையே 1969இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதே உடம்பு 2000 வரை ஓடியது. லைசென்ஸ் இல்லாமல் புதிய கார் செய்ய முடியாது, வெளிநாட்டுக் காரை எளிதில் இறக்க முடியாது, பதிவு செய்தவர்கள் வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள் என்ற நிலையில் கம்பெனி எதற்காக உருவத்தை மாற்ற வேண்டும்? அப்பா கல்யாணத்துக்கு வந்த கார், அச்சு மாறாமல் மகன் கல்யாணத்துக்கும் வந்து நிற்கும். நம் ஊர்ப் படங்களில் இந்தக் கார் இருப்பது எனக்குப் பிடிக்கும். காலம் காட்டும் சாட்சியாக மட்டும் அதைக் கூண்டில் ஏற்றமாட்டேன்.

அதற்கு எண் பலகையைப் பார்க்க வேண்டும். மெட்ராஸ் மாநிலக் காலத்து எண் 'எம்'மில் தொடங்கும். 1969இல் தமிழ்நாடு என்ற பெயர் வந்தபின் 'டி'. பலகையையும் மாலை மூடியிருந்தால், காரைவிட்டு மாப்பிள்ளையின் தோழர்கள் பக்கம் திரும்புங்கள். கால்சட்டை கீழே விரிந்து பெல்பாட்டமாக இருந்தால் எழுபதுகள். டிலைட் சொல்லாததை அந்தத் துணி சொல்லும்.